இணைய விளம்பரமும் நாணயமும்



பத்திரிகை நடத்துவதற்கு ஒரு காலத்தில் அச்சகமும் காகிதமும் கைமுதலும் வேண்டியிருந்தன. இன்றோ, கல்லூரி மாணவர் ஒருவர் தாம் கற்ற வேதியியலைப் பற்றியோ, தம் ஊர்க் கோயிற் கல்வெட்டுகளைப் பற்றியோ ஓர் இணையதளம் தொடங்கிவிடலாம். அதற்கு வருவாய் தேடித் தருவது விளம்பரம். கூகுள் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் ‘ஆட்சென்ஸ்’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. 2018-இல் தமிழ்த் தளங்களுக்கும் அதன் கதவு திறந்தது. ஆகவே அதன் விதிகளை நம் இளைஞரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வேற்பாட்டில் மூவர் உளர். தம் பொருளை விற்க விரும்பி விளம்பரத்துக்குப் பணம் கட்டுபவர் ஒருவர். தம் பக்கத்தில் அதற்கு இடம் தருபவர் மற்றொருவர். இருவருக்கும் இடையே நின்று கணக்கு வைக்கும் நிறுவனம் மூன்றாவது. தளத்தைப் படிக்க வந்தவர் விளம்பரத்தைக் கண்டு, விரும்பிச் சொடுக்கினால், பணம் கட்டியவர் கணக்கிலிருந்து ஒரு தொகை கழியும். அதில் ஒரு பங்கு தளத்தாருக்குச் சேரும். பல்லாண்டுகள் பெரும்பாலும் இம்முறையே நிலவிற்று. 2024 முதல், விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதைக் கொண்டு தளத்தாருக்குப் பணம் தரும் முறை வந்துள்ளது. எம்முறையாயினும், அங்கே விலைபோவது ஒரு மனிதரின் உண்மையான கவனமே ஆகும். இல்லாத கவனத்தை இருப்பதாகக் காட்டுவதே இத்தொழிலின் தலையாய குற்றம்.

தம் தளத்து விளம்பரத்தைத் தாமே சொடுக்குதல் கூடாது. ‘சரியாக இயங்குகிறதா என்று பார்த்தேன்’ என்னும் சமாதானமும் செல்லாது. நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும், ‘எம்மை ஆதரிக்க இதனைத் தொடுங்கள்’ என்று எழுதி வைப்பதும், விளம்பரத்தை நோக்கி அம்புக்குறி இடுவதும் விலக்கப்பட்டவையே.

‘என் தோழர் பத்துப் பேர் சொடுக்கினால் யாருக்கு என்ன நட்டம்?’ என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். புடைவை நெய்து விற்கும் சிறு வணிகர் ஒருவர் நாளொன்றுக்கு 300 ரூபாயை விளம்பரத்துக்கென ஒதுக்கியிருக்கிறார் என்று கொள்வோம். பொய்ச் சொடுக்குகளால் அத்தொகை காலையிலேயே தீர்ந்துவிட்டால், மாலையில் உண்மையாகவே புடைவை தேடுபவர் கண்ணில் அவருடைய விளம்பரம் படாது. அவ்வணிகரின் கடையை நாம் கண்டதில்லை; முகத்தையும் கண்டதில்லை. அதனால்தான் இது களவு என்று தோன்றுவதில்லை. பழைய நாளில், வராத பிள்ளைக்கு வருகை குறித்து மானியம் பெற முயன்ற பள்ளிகள் உண்டு. எனக்கு இரண்டும் ஒரே குற்றமாகவே தோன்றுகின்றன.

வேறொரு வகைச் சூழ்ச்சியும் உண்டு. நூலொன்றைப் பதிவிறக்க வந்தவர் பொத்தான் என்று எண்ணித் தொடுமாறு, அதனருகே அதே தோற்றத்தில் விளம்பரத்தை அமைப்பர் சிலர். ‘பயனுள்ள இணைப்புகள்’ என்று தலைப்பிட்டு அதன் கீழ் விளம்பரத்தை வைப்பர் வேறு சிலர். விளம்பரத்தை விளம்பரம் என்றே குறிக்க வேண்டும் என்பது விதி. பிறர் கட்டுரையைப் படியெடுத்து ஒட்டி, அதன்மேல் விளம்பரம் ஏற்றுவதும் தடுக்கப்பட்டதே.

இச்சிறு பொய் வளர்ந்தால் எத்தகைய உருவம் கொள்ளும் என்பதற்கு ‘மெத்பாட்’ வழக்கு சான்று. 2014 முதல் 2016 வரை, அலெக்சாந்தர் ஜூகோவ் என்னும் ரஷ்யரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் டல்லஸ் முதலிய இடங்களில் 1,900-க்கும் மேற்பட்ட கணினிகளை வாடகைக்கு எடுத்தனர். அவை மனிதர் போலப் பக்கங்களை உருட்டின, சுட்டியை அசைத்தன, ஒளிப்படக் காட்சியைத் தொடங்கி நடுவில் நிறுத்தின. புகழ்பெற்ற இதழ்களின் தளங்கள் போன்று போலிப் பக்கங்களும் படைக்கப்பட்டன. பார்க்க ஓர் ஆளும் இல்லாத விளம்பரங்களுக்கு வணிகர்கள் 70 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்தனர். 2018-இல் பல்கேரியாவில் பிடிபட்ட ஜூகோவுக்கு, 2021-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இத்தகைய போலித் தளங்களைத் தடுக்கவே, தம் விளம்பர இடத்தை விற்க உரிமை பெற்றவர் யார் யார் என்று ஒவ்வொரு தளத்தாரும் வெளிப்படையாகப் பட்டியலிடும் முறையை விளம்பரத் துறையினர் 2017-இல் கொணர்ந்தனர்.

சிறு தளத்தாருக்குச் சிறை இல்லை. ஆயினும் கணக்கு மூடப்படும். சேர்ந்திருந்த தொகையும் கைக்கு வாராது போகலாம். முறையீடு செய்ய இடமுண்டு. ஆனால் எந்தச் சொடுக்கு ஐயத்துக்கு உரியதாயிற்று என்பதை நிறுவனம் விரித்துரைப்பதில்லை. சொன்னால் ஏய்ப்பவருக்குப் பாடமாகிவிடும் என்பது அவர்கள் கூறும் காரணம். அது ஓரளவு நியாயமே. எனினும் குற்றமற்றவருக்கு இது பெருந்துன்பம் என்பதையும் சொல்லாதிருக்க இயலவில்லை.

ஏனெனில், வேண்டாதவர் எவரேனும் பகைமையால் உங்கள் தள விளம்பரங்களை மீண்டும் மீண்டும் சொடுக்கவும் கூடும். ஆகவே கணக்கறிக்கையை நாள்தோறும் பாருங்கள். நாளைக்கு மூன்று சொடுக்கு வந்த இடத்தில் திடீரென்று முந்நூறு வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதற்கென நிறுவனம் வைத்துள்ள படிவத்தில் நீங்களே முதலில் எழுதித் தெரிவியுங்கள்.