பழைய வண்டியின் அங்க அடையாளங்கள்



ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலே ‘ஜீப்’ என்பது பொதுப்பெயர். மலைப்பாதை ஏறும் நாற்சக்கர வண்டி எதுவாயினும் நமக்கு ஜீப்தான். பெரிய துரை மலை பார்க்கப் போன லாண்ட் ரோவரும் ஜீப். அவ்வகையிலே மிக அரிதான, படுத்துறங்க வசதி செய்த வண்டியும் ஜீப். இப்படிப் பொதுப்பெயருக்குள் சிறப்புப்பெயர் மறைந்தால், பொருளின் மதிப்பும் உடன் மறைந்துவிடும். அம்மதிப்பை மீட்பதற்குரிய வழியைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் வயதைக் காணவேண்டும். லாண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை நீளம் 80 அங்குலம். இந்த அளவு 1954இல் 86 அங்குலமும் 107 அங்குலமுமாகவும், 1956இல் 88 அங்குலமும் 109 அங்குலமுமாகவும் வளர்ந்தது. ஆகவே ஓர் அளவுநாடாவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதியை முகம் சொல்லும். முன்விளக்குகள் கம்பிவலைக்குப் பின்னே ஒளிந்திருந்தால், அது முதல் சில ஆண்டுகளின் வண்டி. பக்கத்தகடு தோளிலே வளைந்திருந்தால், 1958இல் வந்த இரண்டாம் வரிசையோ அதற்குப் பிந்தியதோ ஆகும். நடுவிலிருந்த விளக்குகள் மட்காட்டுக்கு இடம்பெயர்ந்தது 1960களின் கடைசியில். முன்வலை பிளாஸ்டிக்காகி, வேகமானி சாரதியின் நேர் முன்னே வந்தது 1971இன் மூன்றாம் வரிசையில்.

இலக்கத்தகடும் ஒரு சாட்சியே. நம் நாட்டில் ஆங்கில எழுத்துகளோடு வழங்கிய இலக்கங்களுக்குப் பின், 1957 முதல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அதன்மீது தார் பூசிய போராட்டத்தை நம்மவர் அறிவர். எழுத்தைப் பார்த்து, வண்டி இங்கே பதியப்பட்ட காலத்தை உய்த்துணரலாம். ஆனால் பதிவு வேறு, பிறப்பு வேறு. வெளியூரிற் சில ஆண்டுகள் ஓடிய பின் இங்கே வந்த வண்டியும் உண்டன்றோ?

இனி, அரிய வண்டிக்கு வருவோம். இங்கிலாந்தின் போக்ஸ்டன் நகரில் இருந்த மார்ட்டின் வால்டர் நிறுவனம், 1960களில் லாண்ட் ரோவரைப் படுக்கை வண்டியாக மாற்றிற்று. அதன் பெயர் டோர்மொபைல். 109 அங்குல ஸ்டேஷன் வாகனே பெரும்பாலும் அதற்கு அடிப்படை. கூரை ஒரு பக்கத்துக் கீலைப் பற்றி, பெட்டியின் மூடிபோல் சாய்ந்து எழும்; கோடு போட்ட கன்வஸ் துணி அதனோடு விரியும். கூரைக்குள் தொங்கு படுக்கைகள், கீழே மடிந்து கட்டிலாகும் ஆசனங்கள், சிறு அடுப்பு, அலுமாரி.

கூரை தாழ்ந்திருக்கையில் இவை ஒன்றும் தோன்றா. ஆகையால் சிறு தடயங்களைத் தேடவேண்டும். கூரையின் ஓரத்தில் நீண்ட கீல் உண்டா? எதிர்ப்பக்கத்தில் கொக்கி உண்டா? துணியைப் பிடித்திருந்த ஆணித்துளைகள் உள்ளனவா? வெயிலைத் தடுக்க இரட்டைத் தகடு போட்ட சாதாரணக் கூரையைக் கண்டு ஏமாறலாகாது, அது எழாது. தட்டிப் பார்த்தால் தகட்டின் ஒலி வரும். டோர்மொபைலின் கூரையோ கண்ணாடியிழையால் ஆனது, ஒலி மங்கும்.

பள்ளிச் சிறுவனின் காந்தமும் இங்கே உதவும். போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் இவ்வண்டிகளின் உடலை அலுமினியக் கலவையால் ஆக்கினர். கதவுத் தகட்டில் காந்தம் ஒட்டாது. ஒட்டுமாயின், பிற்காலத்தில் யாரோ இரும்புத் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். இயந்திரமோ நம்பத்தகாத சாட்சி. மலைநாட்டுக் கராஜ்களில் ஜப்பானிய டீசல் இயந்திரம் ஏறிய வண்டிகள் பல. சேசிஸ் சட்டத்திற் பொறித்த எண்ணே உறுதியானது; அது பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்கவேண்டும். கல்வெட்டை ஆராய்பவன் ஓர் எழுத்தை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுவதில்லை. பல சாட்சிகள் ஒன்றுபட்டால்தான் உண்மை.

இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். 1955இல் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஆறு மாணவர் தரைவழியே சென்ற இரு லாண்ட் ரோவர்களுள் ஒன்றான ‘ஆக்ஸ்போர்ட்’, பிற்காலத்தில் செயின்ட் ஹெலினாத் தீவிலே சிதைந்து கிடந்தது. இன்ன வண்டி என அறிந்தோர் இருந்தமையால் 2017இல் தாய்நாடு மீண்டது. பழுது நீங்கி, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கே ஓடிற்று. அறியாதவர் கையிலாயின் அது நிறைக்கு விலைபோன பழைய தகடாகியிருக்கும்.

நம் தோட்டங்களோ 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் கைமாறின. 1992இல் நிர்வாகமும் மாறிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் பழம்பொருள்களைப் பற்றிய நினைவு குறைவது இயல்பு. வண்டியைத் துரை ஓட்டினார். அதன் உயிரைக் காத்தவர்களோ லயத்திலிருந்து வந்த நம் சாரதிகளும் மெக்கானிக்குகளும். எந்த ஆணியை யார் மாற்றினார் என்பது அவர்கள் நெஞ்சில் மட்டுமே எழுதியிருக்கிறது. அவர்களோ முதுமை எய்திவிட்டனர்.

ஆகவே, பழைய இரும்பு வியாபாரி தராசோடு வருமுன், ஓர் அளவுநாடா, ஒரு காந்தம், ஒரு குறிப்பேடு ஆகியவற்றோடு நம் மாணவர் அந்த வண்டியருகே செல்லட்டும். உடன் ஒரு முதிய சாரதியையும் அழைத்துச் செல்லட்டும். வண்டி அரியதாயின் உரியவருக்கு நியாயமான விலை கிடைக்கும். அரியதன்றாயினும், ஒரு தொழிலாளியின் கைவண்ணம் ஏட்டில் ஏறும். இரண்டும் நமக்கு இலாபமே.