சுகாதார ஆய்வாளரின் பணியும் நமது கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோயைத் தீர்த்த மருத்துவரை நாம் ஆயுளுக்கும் மறப்பதில்லை. ஆனால் நம் வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு செல்லும் சுகாதார ஆய்வாளரை, "மறுபடியும் வந்துவிட்டாரா?" என்றே வரவேற்கிறோம். அவர் தடுத்துவிட்ட நோய்க்குச் சாட்சி சொல்ல யாருமில்லை. அதுவே அப்பணியின் சோதனை.

நரம்புச் சிலந்தி என்னும் நோயை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். படிக்கட்டுக் கிணற்றிலும் குளத்திலும் இறங்கி நீர் மொண்டு குடித்தவரின் உடலில் புழு வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். அதன் நீளம் ஒரு மீட்டர் வரை இருக்கும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை, இன்றளவும் இல்லை. பின் எப்படி ஒழிந்தது? சுகாதாரப் பணியாளர்கள் ஊர் ஊராக நடந்து நோயாளிகளைக் கணக்கெடுத்தனர். புண்ணுள்ள காலுடன் நீரில் இறங்காதீர், துணியில் வடிகட்டிக் குடிப்பீர் என்று ஓயாமல் எடுத்துரைத்தனர். படிக்கட்டுக் கிணறுகள் இறைக்கும் கிணறுகளாக மாற்றப்பட்டன. 1984-ல் தமிழகம் இந்நோயிலிருந்து விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996-ல் இராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது. மருந்தே இல்லாத ஒரு நோயை வாய்ச்சொல்லாலும் கால்நடையாலும் விரட்டிய வரலாறு இது. பெரியம்மை ஒழிந்த கதையிலும் இவர்களுக்குப் பங்குண்டு.

இன்று டெங்கு. நம் செட்டிநாட்டில் வளவில் அண்டா வைத்து மழைநீர் பிடிக்கும் நல்ல வழக்கம் உண்டு. ஆனால் ஏடிஸ் கொசு தேடுவதும் அத்தகைய தெளிந்த நீரைத்தான். நீரைக் கொட்டிவிட்டால் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை பல மாதங்கள் உலர்ந்து கிடந்தும் உயிர்த்தெழும். ஆகவேதான் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்கின்றனர். நிக்காஹ் விருந்து முடிந்தபின் மண்டபத்தின் பின்புறம் கிடக்கும் பிளாஸ்டிக் குவளைகளையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் நாமே ஒருமுறை சென்று பார்த்தால், ஆய்வாளர் ஏன் கோபிக்கிறார் என்பது விளங்கும்!

1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் இவர்களுக்குத் துணை நிற்கிறது. ஆனால் நல்ல ஆய்வாளர் நோட்டீஸை நீட்டுமுன் திண்ணையில் அமர்ந்து பேசிப் பார்ப்பார். ஒரே வீட்டுக்குப் பத்து முறை செல்லும் பொறுமை எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் இப்பணியை எண்ணிப் பார்க்கலாம். மேல்நிலைக் கல்விக்குப் பின் ஈராண்டுப் பயிற்சி. திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்திலும் இப்பயிற்சி நடந்து வருகிறது. வட்டார சுகாதார மேற்பார்வையாளர் வரை உயர வழியுண்டு. பெரும் செல்வம் சேராது. ஊரெல்லாம் தெரிந்த மனிதராகலாம்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியைத் தொட்டியின் மீதே எழுதி வையுங்கள். ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அதனை மோதினாருக்கும் தெரிவித்துவிடுங்கள். ஹவுளையும் ஆய்வாளர் அடுத்த முறை வரும்போது அவரிடம் காட்டிக் கேட்போம்.