வரி ரசீது பத்திரம் ஆகாது



"வீட்டு வரி ரசீது, கரண்டு பில் எல்லாம் இருக்கே, வாங்கலாமா?"ன்னு நம்ம குழுக்களில் கேட்கிறார்கள். புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் அதெல்லாம் இருக்கலாம். அது சொந்தத்துக்கு அத்தாட்சி இல்லை.

மூலப்பத்திரத்தை அசலாகக் கேளுங்க. ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் அடகில் இருக்கலாம். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க; அதில் பதிவானது மட்டும்தான் வரும். பட்டா இறந்துபோன தாத்தா பேரிலேயே கிடந்தால், கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடணும்.

பத்திரத்தை உங்க பேரிலேயே பதியுங்க. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பெண்கள் பேரில் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு. 5 லட்சம் வீட்டுக்கு 5,000 ரூபாய் மிச்சம்.

குழுக்கடன் நாம மாசாமாசம் கட்டுற காசு. இத்தனையும் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்க.