முதியோர் இல்லத்தில் அநீதி நடந்தால் வக்கீலைத் தேடுவது எப்படி?

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பெற்றவர்களை முதியோர் இல்லத்தில் விட்டிருப்பதை நம் ராயக்கோட்டையில் யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரு பிள்ளைக்கு ஒசூரில் ஷிப்ட் வேலை, இன்னொருவர் பெங்களூரில், மற்றொருவர் வளைகுடாவில். படுக்கையில் கிடப்பவரைப் பகல் முழுவதும் பார்க்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் சேர்க்கிறோம். ஆனால் சேர்த்த வெட்கத்தாலேயே, அங்கே அவருக்கு அடி விழுந்தாலும் வாய் திறப்பதில்லை. பனூ இஸ்ராயீல் அத்தியாயம் முதுமையடைந்த பெற்றோருக்கு நாம் செய்ய வேண்டியதாகச் சொல்லும் கடமை, இல்லத்து வாசலோடு முடிந்துவிடுவதில்லை.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2021 டிசம்பரில் அங்கே ஒரு முஸ்லிம் முதியவரைச் சேர்த்தார்கள். வெளிநாட்டில் இருந்த உறவினர் பிறகு வந்து கேட்டபோது, இடமில்லாததால் பெங்களூரில் உள்ள இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அங்கே போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. குடும்பத்துக்காக நண்பர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது, 140க்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். அடி, சங்கிலி, பாலியல் கொடுமை என்று புகார்கள் வெளிவந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஒருவரைத் தேடிப் போட்ட மனு, அத்தனை பேருக்கும் கதவைத் திறந்தது.

இதில் நமக்கு முதல் பாடம், எந்தக் குறைக்கு எந்த வழி என்பதை அறிவது. ஆளே காணவில்லை, பார்க்க விடவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அதற்கு உயர் நீதிமன்றத்தில் பழகிய வக்கீல் வேண்டும். அடித்தார்கள், அடைத்து வைத்தார்கள் என்றால் காவல் நிலையத்தில் புகார். அதற்குக் குற்ற வழக்கு நடத்துபவர் வேண்டும். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டார்கள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் தீர்ப்பாயம் பிள்ளைகளிடமும் வாரிசுகளிடமும் ஜீவனாம்சம் கேட்பதற்கானது. இல்லத்தின் மீதான புகாரை அங்கே கொண்டுபோய் நாட்களை வீணாக்காதீர்கள். அதை மாவட்ட ஆட்சியருக்கும் சமூகநல அலுவலருக்கும் மனுவாகக் கொடுங்கள்.

இரண்டாவது, எல்லைப் பிரச்சினை. இல்லம் கர்நாடகத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, கடுங்குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நுகர்வோர் வழக்கை, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கெடு 2 ஆண்டுகள். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் செய்யலாம்.

மூன்றாவது, செலவு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் இலவச சட்ட உதவி தருகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கும் உண்டு. கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். உதவி எண் 15100. முதியோர் உதவி எண் 14567.

சொந்தமாக வக்கீல் வைப்பதானால், இதுபோன்ற வழக்கை முன்பு நடத்தியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். கட்டணத்தை எழுதி வாங்குங்கள், கட்டிய பணத்துக்கு ரசீது கேளுங்கள். "நஷ்டஈடு வந்தால் அதில் பாதி கொடுங்கள்" என்பவரை விட்டு விலகுங்கள். வெற்றியில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. ஆஸ்பத்திரி வாசலில் தரகர் வந்து வக்கீல் பெயர் சொன்னாலும் அப்படியே. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. கட்டணப் பாக்கிக்காக அவர் உங்கள் கோப்புகளைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசியாக, வக்கீலிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். சேர்க்கை விண்ணப்பம், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். உடம்பில் காயம் கண்டால் அன்றே படம் எடுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். போன தேதி, பேசிய ஆள், சொன்ன பதில் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112க்குப் போன் செய்து ஆளை வெளியே கொண்டுவாருங்கள். வழக்கு பிறகு நடக்கட்டும்.

அந்த உறவினர் வெளிநாட்டிலிருந்து வந்து கேட்காமல் இருந்திருந்தால், அந்தக் கதவு இன்னும் எத்தனை நாள் மூடியிருந்திருக்கும்? மாதம் ஒருமுறையாவது, முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பிள்ளை இல்லாதவர்கள் அங்கே இருந்தால், அவர்கள் பெயரையும் கேட்டுவிட்டு வாருங்கள். முதியோரின் துஆவைப் பெறும் குடும்பங்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.