மூங்கில் வாள்

வாள் என்றதும் உங்கள் மனக்கண் முன்னே போர்க்களம் தோன்றும். இன்று நான் பேசப்போவது மூங்கிலால் ஆன வாளைப் பற்றி. ஜப்பானியர் இதனை 'ஷினாய்' என்பர். இதை ஏந்திப் பயிலும் கலைக்குக் 'கெண்டோ' என்று பெயர். 'வாளின் வழி' என்பது அதன் பொருள். கியோத்தோ நகரில் தங்கியிருந்தபோது அக்கலையின் முதற் பாடங்களைக் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வாள் கொண்டு எவரும் போர் புரியாத இக்காலத்தில் இதனைக் கற்பானேன் என்ற வினா உங்களுக்கு எழலாம். எனக்கும் எழுந்தது. அதற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முன்னாளில் ஜப்பானிய வீரர்கள் மரவாளைக் கொண்டே பயின்றனர். மரவாளும் எலும்பை முறிக்கும். ஆதலின், வகுத்து வைத்த அசைவுகளை இருவர் முறைப்படி செய்து பழகுவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் முகம், கை, மார்பு ஆகியவற்றைக் காக்கும் கவசங்களும், நான்கு மூங்கிற் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஷினாயும் சீர்பெற்றன. அதன் பின்னரே, உயிருக்கு அஞ்சாமல் முழு வலிமையுடன் அடித்துப் பழக வழி பிறந்தது.

பயிற்சிக்கூடத்தில் எனக்கு முதலில் கற்பிக்கப்பட்டது வணக்கம். கூடத்தினுள் நுழையும்போது வணங்க வேண்டும். ஆசிரியரை வணங்க வேண்டும். எதிரில் நிற்பவரையும் வணங்க வேண்டும். மண்டியிட்டு அமரும்போது இடக்காலை முதலில் மடக்குவர். எழும்போது வலக்காலை முதலில் ஊன்றுவர். இடையின் இடப்புறத்தில் வாள் தரித்திருந்த காலத்து வழக்கம் இது என்று விளக்குவர்.

அடுத்த பாடம் கால்களுக்கு. வலக்கால் முன்னே, இடக்கால் பின்னே. இடக்குதிகால் சற்றே உயர்ந்திருக்கும். பாதங்களைத் தூக்கி வையாமல் தரையோடு தேய்த்தாற்போல் நகர வேண்டும். உடல் மேலும் கீழும் அசையலாகாது. நீர் நிறைந்த குடத்தைத் தலையில் வைத்து நடப்பவள் எப்படி நடப்பாளோ, அப்படி என்று நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

பிறகே வாள் பிடித்தல். கைப்பிடியின் கடைசியை இடக்கை பற்றும். சுண்டுவிரலும் மோதிர விரலும் இறுகியிருக்க, மற்ற விரல்கள் தளர்ந்திருக்கும். வலக்கை வழிகாட்டும், வலிமை இடக்கையினுடையது. வலக்கையால் எழுதியும் உண்டும் பழகிய நமக்கு இது எளிதன்று. வாளின் நுனி எதிரியின் கழுத்தை நோக்கியிருக்கும். இதுவே நடுநிலை, இதிலிருந்தே தாக்கவும் காக்கவும் இயலும். இந்நிலையில் நின்று வாளைத் தலைக்கு மேல் உயர்த்தி நேராக வீசுதல் முதல் வீச்சு. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அதையே செய்ய வேண்டும்.

அடிக்கத்தக்க இடங்கள் நான்கே: தலை, மணிக்கட்டு, விலா ஆகியவற்றில் வீச்சு; கழுத்தில் குத்து. அடிப்பவர் அந்த இடத்தின் பெயரை உரக்கக் கூவ வேண்டும். ஷினாயின் ஒரு புறத்தில் நாண் ஒன்று கட்டப்பட்டிருக்கும். அது வாளின் முதுகைக் குறிக்கும். ஆகவே அதன் மறுபுறத்தால், அதிலும் நுனியை அடுத்த பகுதியால்தான் அடிக்க வேண்டும். உள்ளத்தின் ஊக்கம், வாளின் வீச்சு, உடலின் பாய்ச்சல் மூன்றும் ஒரே கணத்தில் கூடினாலன்றி அந்த அடி கணக்கில் சேராது.

அடித்து முடித்த பின்னும் பாடம் முடிவதில்லை. எதிரியை நோக்கித் திரும்பி, விழிப்புக் குன்றாமல் நிற்க வேண்டும். இதற்கு 'ஜான்ஷின்', அதாவது எஞ்சி நிற்கும் மனம், என்று பெயர். போட்டியில் வென்றவர் கையை உயர்த்தி ஆரவாரித்தால், அவர் பெற்ற புள்ளியை நடுவர்கள் நீக்கிவிடலாம். வெற்றிக் களிப்பை அடக்கத் தெரியாதவன் வென்றவனாகான் என்பது அதன் கருத்து.

மனத்திற்கு நான்கு நோய்கள் உண்டென்று வாளாசிரியர் கூறுவர்: திகைப்பு, அச்சம், ஐயம், குழப்பம். எதிரியின் வாள்முனையையே உற்று நோக்கினால் இவை நான்கும் வந்து சேரும். அதனால் தொலைவிலுள்ள மலையைப் பார்ப்பதுபோல் எதிரியின் உருவம் முழுவதையும் நோக்கு என்பர். தேர்வுத்தாளில் ஒரு கடினமான வினாவையே வெறித்துப் பார்த்து, மற்றவற்றை மறந்துவிடும் மாணவனுக்கும் இந்த அறிவுரை பொருந்துமன்றோ?

இக்கலையின் வரலாற்றில் ஓர் இருண்ட பகுதியும் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் முறையன்று. 1876-இல் ஜப்பானிய அரசு பொதுமக்கள் வாள் தரிப்பதைத் தடை செய்தது. கலை அழியாமல் காக்க 1895-இல் கியோத்தோவில் ஒரு பெருஞ்சங்கம் தோன்றியது. பின்னர் வாட்பயிற்சி பள்ளிகளில் புகுந்தது. ஆனால் படைவெறி ஓங்கிய காலத்தில், இளைஞரைப் போருக்கு ஆயத்தம் செய்யும் கருவியாக அது ஆக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், நாட்டை ஆண்ட நேச நாட்டினர் பள்ளிகளில் அதனைத் தடுத்தனர். 1946-இல் அந்தச் சங்கமும் கலைந்தது. 1952-இல் அனைத்து ஜப்பான் கெண்டோக் கூட்டமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டில் பயிற்சி மீண்டும் பள்ளிகளை அடைந்தது. 1975-இல் அக்கூட்டமைப்பு தன் கொள்கையைத் தெளிவாக வகுத்தது: வாளின் நெறிகளைப் பயின்று மனிதப் பண்பைச் செம்மை செய்வதே கெண்டோ.

கருவி ஒன்றே, பயன்படுத்தும் நோக்கம் வேறு. எதிரில் நிற்பவனைப் பகைவனாக எண்ணிய காலத்தில் அக்கலை தாழ்ந்தது. என் குறையை எனக்குக் காட்டும் துணைவனாக அவனை எண்ணும்போது அது கல்வியாகிறது. அவன் அடி என் தலைக்கவசத்தில் விழுமாயின், என் காவல் எங்கே தளர்ந்தது என்பதை அக்கணமே அறிகிறேன். அதனால்தான் பயிற்சி முடிந்ததும் அடித்தவருக்கும் வணங்கி நன்றி கூறுகிறோம்.

இக்கலையின் உயர்படியாகிய எட்டாம் படிக்குரிய தேர்வை எழுத 46 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏழாம் படி பெற்றுப் பத்தாண்டுகளும் கழிந்திருக்க வேண்டும். அந்நிலை எய்தியவர்களும் நாள்தோறும் முதல் வீச்சையே செய்து பழகுகின்றனர். இளைஞர்களே, நீங்கள் எக்கலையைக் கற்றாலும் அதன் முதற் பாடத்தைத் தாழ்வாக எண்ணாதீர்கள். நிற்கவும் நடக்கவும் வணங்கவும் நன்கு கற்றவனுக்கே வாள் வசப்படும்.