சொல்லாமல் விட்டதும் சொல்ல விடாததும்



சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். கதையில் ஒரு தாய், காணாமற்போன மகனைப் பற்றிப் பேசுகிறாள். "அண்டைக்கு அவன் சாப்பிடாமல்தான்" என்னும்போது வாசற்கதவு பலமாகத் தட்டப்படுகிறது. பேச்சு நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் நான் மூன்று புள்ளிகளை இட்டிருந்தேன். நண்பர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் அவளைக் களைக்க வைச்சிட்டியள். அவள் களைக்கேல்லை. அவளைச் சொல்ல விடேல்லை."

அன்றுதான் இக்குறிகளை ஊன்றிக் கற்றேன். ஆங்கிலத்தில் முற்றுப்பெறாத வாக்கியத்துக்குப் பெரும்பாலும் இரண்டு குறிகள் உள. பேசுபவர் தயங்கியோ நினைவில் ஆழ்ந்தோ தம் குரலைத் தாமே தேயவிட்டால் மூன்று புள்ளி. பிறர் குறுக்கிட்டோ, நிகழ்ச்சியொன்று வெட்டியோ பேச்சு சட்டென அறுந்தால் நீண்ட கோடு. அக்கோட்டின்பின் முற்றுப்புள்ளி வருவதில்லை. முடியாததற்கு முற்று ஏது?

இவ்வழக்கம் பழையது. உரோம நாடகாசிரியர் தெரென்ஸின் 'ஆந்திரியா'வை 1588 இல் ஆங்கிலத்தில் தந்த மோரிஸ் கிஃபின், பாத்திரங்களின் பேச்சு முறிந்த இடங்களில் சிறுகோடுகளை வரிசையாக இட்டார். மேடையில் நடிகரின் குரல் உணர்த்துவதை ஏட்டில் குறி உணர்த்தவேண்டியிருந்தது.

குறியை மாற்றினால் குரலும் மாறும். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்ஸன் தம் கவிதைகளில் கோடுகளைத் தாராளமாக இட்டவர். அவர் 1886 இல் மறைந்தார். 1890 இல் முதல் தொகுதியை வெளியிட்டோர் அக்கோடுகளிற் பலவற்றை நீக்கிக் காற்புள்ளி முதலியவற்றை இட்டு, வரிகளை 'ஒழுங்கு' செய்தனர். தோமஸ் ஜோன்சனின் 1955 ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் கோடுகள் மீண்டன. இடையில் அறுபத்தைந்து ஆண்டுகள் வாசகர் கேட்டது அவருடைய மூச்சையன்று.

தமிழாசிரியன் என்பதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'மன்', 'தில்' என்னும் இடைச்சொற்களுக்குத் தொல்காப்பியர் கூறும் பொருள்களுள் ஒன்று ஒழியிசை. சொல்லாது ஒழிந்ததைச் சொல்லே உணர்த்தி நிற்கும். அங்கே ஒழியவிடுபவர் சொல்பவரே. பிறரால் அறுபட்ட பேச்சு வேறு.

ஆகவே, மாணவர்க்கு நான் கூறுவது இதுதான்: வாக்கியம் நின்றவுடன் குறியைத் தேடாதீர்கள், அதை நிறுத்தியவர் யாரென முதலிற் கேளுங்கள்.

அந்தத் தாயின் மூன்று புள்ளிகளையும் அழித்து ஒரு கோடு கிழித்தேன். அவள் சொல்லவந்தது இன்னும் அவளிடமே இருக்கிறது.