எழுதாத ஒப்பந்தம் எதற்கும் உதவாது!
(சப்பிரகமுவத் தோட்ட மக்கள் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இரத்தினபுரி, கேகாலை மலைச்சரிவுகளில் கொழுந்தெடுக்கும் மக்களிடம் கணினியைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் என்னைக் கேட்டார்கள். நம்மைக் கேளாமலே நம்மைப் பற்றிப் பேசி முடிப்பது பழைய வழக்கம், அதனாலேதான் பேசுகிறேன். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று நம்மைப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களின் விருப்பத்தை முன்கூட்டிக் கேட்டார்களா? இல்லை!

இன்று இரு நாட்டுத் தனியார் நிறுவனங்கள் கைகோக்கின்றன. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக உடன்படிக்கை பண்டங்களுக்கே உரியது. தகவல் தொழில்நுட்பமோ அதற்கெனக் காத்திருக்கவில்லை. இந்தியாவின் ஏர்டெல் 2009 இல் இங்கே தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. 2024 இல் அது மலேசிய ஆக்சியாட்டாவின் டயலொக்குடன் இணைந்தது. 2020 இல் எச்.சி.எல். கொழும்புக்கு வந்தது. 2024 பெப்ரவரி 12 இல் இந்தியப் பயணிகள் யு.பி.ஐ. வழியாக இங்குள்ள கடைகளில் பணம் செலுத்தும் ஏற்பாடு தொடங்கப்பட்டது.

வரவேற்கிறோம். அயல்நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால் மேல்நாட்டாரிடம் கையேந்தும் நிலை குறையும். ஆனால், கொழும்புக் கடைக்காரருக்குக் கிட்டிய வசதியின் பயன், கூடை சுமக்கும் தாய்க்கு எட்டிற்றா? தராசு காட்டும் கொழுந்தின் எடை அந்நொடியே அவள் கைப்பேசியில் தமிழில் வரட்டும். தொழில்நுட்பத்துக்கு இது பெரிய காரியமன்று. சிறுதேயிலைத் தோட்டம் உடைய உழவருக்கும் எடையும் விலையும் அவ்வாறே எட்டட்டும். எடையில் ஐயம் எழுந்தால் காட்டுவதற்குச் சான்று வேண்டாமா?

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒப்பந்தத்தில் எழுதப்படாத நன்மையைப் பின்னர் நீதிமன்றில் கேட்டுப் பெறுவது அரிது. ஆகவே இப்போதே கேட்போம்.

ஒன்று: 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது, திரையிலும் தமிழ் சம இடம் பெறவேண்டும்.

இரண்டு: இந்திய நிதியுதவியுடன் திட்டமிடப்பட்ட டிஜிட்டல் அடையாள அட்டையில் பெயர் பதியுமுன், பிறப்புச் சான்றுகளிலுள்ள பிழைகள் தோட்டத்துக்கே வந்து திருத்தப்படவேண்டும். காகிதத்தில் நேர்ந்த பிழை கணினியில் நிலைத்துவிடக் கூடாது. பதிந்த விவரங்களுக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுக் காவலாக நிற்கவேண்டும்.

மூன்று: பயிற்சியும் வேலையும் கொழும்போடு நில்லாமல் இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் வரவேண்டும்.

தோழர்களே! 1964 இல் நாம் பங்கிடப்பட்ட பொருளாயிருந்தோம். இன்று நம் பெயரையும் கணக்கையும் எழுதப்போகும் உடன்பாட்டில் நாம் ஒரு தரப்பாக அமரவேண்டும். தோட்டந்தோறும் இக்கோரிக்கைகளை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புவோம்.